கடன் வாங்கிய பி.டி. பீரியட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் சொன்னபோது சிரித்துவிட்டேன். கேலி இல்லை, எனக்கு என் கதை ஞாபகம் வந்துவிட்டது. பாட்டுக்கு ஆடிக்கொண்டே உடற்பயிற்சி செய்யும் ஜூம்பா வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு, இரண்டு வியாழக்கிழமையும் கண்ணாடிக் கதவு வரை போய், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாய். "எல்லோருக்கும் ஸ்டெப் தெரிந்திருக்கிறது, நான் மட்டும் முழித்துக்கொண்டு நிற்பேன்" என்கிறாய். போனில் பதில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய் என்பதால்தான் இந்தக் கடிதம்.

என் மூன்று மாதச் சர்க்கரை 8.2 என்று வந்ததும், நடந்தால் மட்டும் போதாது என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். வ.உ.சி. மைதானத்தில் நான் நடந்த நடையும் நடையா? நாலு அடிக்கு ஒரு தெரிந்த முகம், நின்று பத்து நிமிடம் பேச்சு. பக்கத்து வீட்டு மருமகள்தான் மகாராஜநகரில் காலை ஆறு மணி ஜூம்பா வகுப்பைப் பற்றிச் சொன்னாள்.

நான் சொல்லாமல் மறைத்த பகுதி இனிமேல்தான் வருகிறது. முதல் நாள் மாடிப்படி பாதி ஏறினேன். மேலே பாட்டுச் சத்தம் அதிர்ந்தது. வாசலில் கலர் கலராக ஷூக்கள். ஐம்பத்தொன்பது வயதில், சேலையைத் தவிர எதையும் உடுத்திப் பழகாதவள், சுடிதாரில் போய்க் குதிப்பதா? அப்படியே இறங்கி உழவர் சந்தைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். "இன்றைக்கு வகுப்பு இல்லையாம்" என்றேன். உன் அப்பா பையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாளும் கறிவேப்பிலை. மூன்றாம் நாள் அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கீழ்ப்படியில் பேப்பரை விரித்து உட்கார்ந்துகொண்டார். "வீட்டில் கறிவேப்பிலை நிறைய இருக்கிறது" என்றார். அவரைத் தாண்டி இறங்குவதைவிட மேலே போவதே மேல் என்று தோன்றியது.

கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். யாரும் பார்க்க மாட்டார்கள் அல்லவா? மூன்றாவது பாட்டில் எல்லோரையும் பின்பக்கம் திரும்பச் சொன்னார்கள். அவ்வளவுதான், கடைசி வரிசை முதல் வரிசை ஆகிவிட்டது. நீ அந்தத் தப்பைச் செய்யாதே. இரண்டாவது வரிசையில் ஓரமாக நில். முன்னாலும் ஆள் இருக்கும், பின்னாலும் ஆள் இருக்கும், எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்துச் செய்ய ஒரு முதுகு கிடைக்கும்.

சொல்லித்தருகிற பெண் யார் தெரியுமா? என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்தவள். பார்த்தவுடன் வாய்விட்டுச் சிரித்தாள். "டீச்சர், எங்கள் பி.டி. பீரியடை எல்லாம் நீங்கள் வாங்கிக்கொண்டீர்களே, இப்போது வட்டியோடு திருப்பிக் கொடுங்கள்" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு அந்த வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

பி.டி. பீரியடைக் கடன் வாங்காத கணக்கு டீச்சர் உண்டா என்று நானே எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். முப்பது வருடம் அப்படித்தான் போர்ஷன் முடித்தேன். ஊர்ப் பிள்ளைகளிடம் வாங்கியது ஒரு பக்கம். உன்னிடம் வாங்கியது? எட்டாம் வகுப்பில் உன்னை எறிபந்து டீமில் சேர்க்க வேண்டும் என்று பி.டி. டீச்சர் வீடு தேடி வந்தார். சாயங்காலம் ஆறரை வரை பயிற்சி. நான் காப்பி கொடுத்து, அரையாண்டுத் தேர்வைக் காரணம் சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையில் தேர்வு காரணமே இல்லை. வயதுக்கு வந்த பெண் மைதானத்தில் குதிப்பதை நாலு பேர் பார்ப்பார்களே என்பதுதான் காரணம். நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இங்கிலாந்தில், லீட்ஸில் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நீ நிற்கிறாய் என்றதும் எனக்கு முதலில் அந்தக் கதவுதான் கண்ணில் வந்தது. யாராவது பார்ப்பார்கள் என்கிற பயம் உனக்குத் தானாக முளைத்ததில்லை, பாப்பா. தண்ணீர் ஊற்றியவள் நான்.

சரி, அழ வைக்க எழுதவில்லை. கணக்குக் காட்டினால்தான் நம்புவாய் என்பதால் ஒரு கணக்கு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்து 2000-இல் வெளியிட்டார்கள். வெட்கப்படும்படியான ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டைக் கொடுத்து மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர். எங்கள் வகுப்பில் அந்தக் கால்வாசியும் தேறாது. அவரவருக்குத் தன் இடது கால் எது வலது கால் எது என்பதே பெரும்பாடு.

ஜூம்பா பிறந்த கதையை எங்களுக்குச் சொல்லித்தருகிற அந்தப் பெண்தான் சொன்னாள். 1990-களில் கொலம்பியா நாட்டில் 'காலி' என்ற பெயருள்ள நகரில் பெத்தோ பெரெஸ் என்பவர் ஏரோபிக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வகுப்புக்கான பாட்டு கேசட்டை மறந்து வந்துவிட்டார். பையில் இருந்த சால்சா, மெரெங்கே என்ற லத்தீன் அமெரிக்க நடனப் பாட்டுகளைப் போட்டு, அந்த நேரத்துக்கு மனதில் வந்ததை ஆடிச் சமாளித்திருக்கிறார். வாத்தியாரே தயாரில்லாமல் வந்து தொடங்கிய வகுப்பு இது! அதற்கு நீ வீட்டில் வீடியோ பார்த்து மனப்பாடம் செய்துவிட்டுத்தான் போவேன் என்கிறாய்.

மெரெங்கே என்றதும் மிரளாதே. நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைப்பது. நம் ஸ்கூல் டிரில்லில் 'மார்க் டைம்' சொல்வார்களே, அதில் இடுப்பைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் சரி. தெரியாத ஸ்டெப் வரும்போதெல்லாம் நான் மார்க் டைம் போட்டுக்கொண்டிருப்பேன். முதல் வாரம் காலை மட்டும் கவனி, கையை மறந்துவிடு. கால் பழகினால் கை தானாக வரும். பத்து நிமிடம் முன்னதாகப் போய், புதியவள் என்றும், இடது முழங்கால் வலிக்கும் என்றும் சொல்லித்தருகிறவரிடம் சொல்லிவிடு. குதிக்கும் இடத்தில் குதிக்காமல் செய்வதற்கு வழி காட்டுவார். ஆடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பேசவே முடியவில்லை என்றால் குறைத்துக்கொள். மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை பிடித்துக்கொள்ளும். மாடிப்படி இறங்கும்போது என்னைத் திட்டுவாய், பரவாயில்லை.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் வகுப்பு 50 நிமிடம், வாரத்தில் மூன்று நாள். மீதி இல்லாமல் வகுபடுகிறது என்பதில் எனக்கு ஒரு தனித் திருப்தி. சர்க்கரை இப்போது 7.4. அரிசியைக் குறைத்ததும் காரணம், முழுப் பெருமையையும் ஜூம்பாவுக்குக் கொடுக்க மாட்டேன்.

இன்னும் எனக்கு ஸ்டெப் தப்புகிறது. போன வாரம் எல்லோரும் வலப்பக்கம் போக நான் இடப்பக்கம் போய், பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் மேல் மோதிவிட்டேன். இப்போது வகுப்பு முடிந்ததும் அவளும் நானும் சேர்ந்துதான் டீ குடிக்கிறோம், சர்க்கரை இல்லாமல்.

அங்கே டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, வேலை முடிந்ததும் அறைக்குள் அடைந்துகொள்ளத்தான் தோன்றுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தாயே, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். உடம்புக்காக மட்டும் இல்லை.

வியாழக்கிழமை உனக்கு மாலை ஆறு மணி என்றால் எனக்கு இரவு பதினொன்றரை. விழித்துத்தான் இருப்பேன். வகுப்புக்குப் போனாயா என்று கேட்க மாட்டேன். கறிவேப்பிலை வாங்கினாயா என்று கேட்பேன். உண்மையைச் சொல்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: ஷூவின் நாடாவை இரட்டை முடிச்சாகப் போடு. ஏன் என்று அப்பாவிடம் கேட்காதே, பார்த்தவர் மாதிரியே விவரிப்பார்.