சிறிய உடலுக்குச் சிறிய துப்பாக்கி என்பது தவறான கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளேட்டின் வாசகர் பகுதியில் கோலாலம்பூர் வாசகர் ஒருவர், வீடு புகுந்து கொள்ளையடிப்போருக்கு எதிராகப் பெண்களும் துப்பாக்கி வைத்துக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். அவருடைய அச்சத்தை நான் குறை கூறவில்லை. ஆனால், மெலிந்த உடலினருக்குக் குட்டையான, எடை குறைந்த ஷாட்கன் (ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு குண்டுகளைச் சிதறச் சுடும் நீண்ட துப்பாக்கி) ஒன்றே போதும் என்றும், அதற்குக் குறி பார்க்கவும் தேவையில்லை என்றும் அவர் போகிற போக்கில் எழுதிவிட்டிருப்பதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதை நம்பி யாராவது துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தால், முதலில் அடிபடப்போவது அவருடைய தோள்தான்.

நான் நான்கு அடி பதினோர் அங்குல உயரமும் நாற்பத்தாறு கிலோ எடையும் கொண்டவள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் மலைச்சரிவில் என் கணவருக்கு ஒரு டுரியான் தோட்டம் இருக்கிறது. காட்டுப்பன்றிகளும் குரங்குகளும் செய்யும் சேதத்தை முன்னிட்டு அவர் உரிமம் பெற்று ஓர் இரட்டைக் குழல் ஷாட்கன் வைத்திருக்கிறார். நடுவில் மடித்துத் தோட்டாவைப் போடுகிற வகை. மலாயில் செனாபாங் பாத்தா என்பார்களே, அதுதான். வனவிலங்குகளைச் சுடுவதற்கு வனவிலங்குத் துறையின் அனுமதி வேறு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வாசகர் அதைத் தொடவே இல்லை. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பவருக்கு ஏழாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்கப்பட்டால் சிறை பதினான்கு ஆண்டுகள் வரை போகும். கணவர் பெயரில் உரிமம் இருப்பதால் மனைவியும் அந்தத் துப்பாக்கியை எடுத்துச் சுடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, அவருடைய துப்பாக்கியை நான் கையாள்வதற்கு எனக்கென்று தனி அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. உரிமம் கொடுக்கப்படுவது குறிப்பிட்ட ஒரு துப்பாக்கிக்கு என்பதால், வாங்கிய பிறகு பொருந்தவில்லை என்று கடையில் கொடுத்துச் செருப்பு மாற்றுவதுபோல மாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே பொருத்தம் பார்ப்பதை வாங்குவதற்கு முன்பே செய்தாக வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகு நான் சுட்ட முதல் குண்டை இன்றும் மறக்கவில்லை. துப்பாக்கியின் கட்டை, அதாவது தோளில் ஊன்றும் பின்பகுதி, என் தோள்குழியில் உட்காராமல் நழுவி மேற்கையின் தசைமேல் நின்றது. சுட்ட மறுநாள் அங்கே உள்ளங்கையளவு கன்றிப்போயிருந்தது. கன்னத்திலும் ஓர் அடி. "பன்னிரண்டு போர் (குழல் அளவு) உனக்குத் தாங்காது" என்று கணவர் சொன்னார். ஆயுதக் கடைக்காரர் ஒருவரும் அதையே சொல்லி, இரண்டரைக் கிலோகூட இல்லாத ஒற்றைக் குழல் இருபது போர் துப்பாக்கி ஒன்றைக் காட்டி, பெண்களுக்கென்றே வந்தது என்றார். இருவர் சொன்னதும் தவறு என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின.

போர் என்பது குழலின் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்று சரியாக நுழையும் குழல் பன்னிரண்டு போர். இருபது உருண்டைகளாக வார்த்தால் இருபது போர். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். முன்னதன் விட்டம் 18.5 மில்லிமீட்டர், பின்னதன் விட்டம் 15.6 மில்லிமீட்டர். ஆனால் தோளில் விழும் உதையைக் குழலின் விட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு எடையுள்ள ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) எவ்வளவு வேகத்தில் முன்னே போகிறது, அதைத் தாங்கிப் பின்னே வரும் துப்பாக்கியின் எடை என்ன என்பவைதாம் தீர்மானிக்கின்றன. தோட்டாவை மாற்றாமல் துப்பாக்கியின் எடையைப் பாதியாகக் குறைத்தால் உதையின் ஆற்றல் இரண்டு மடங்காகும் என்பது பள்ளி இயற்பியல். கடைக்காரர் காட்டிய இரண்டரைக் கிலோ இருபது போரில் 25 கிராம் ரவைத் தோட்டாவைச் சுட்டாலும், மூன்றரைக் கிலோவை நெருங்கும் பன்னிரண்டு போரில் 28 கிராம் ரவைத் தோட்டாவை அதே வேகத்தில் சுட்டாலும், முன்னது உதைப்பது பின்னதைவிடக் குறையாது. சற்றுக் கூடவே இருக்கும். கையில் தூக்கும்போது இலகுவாக இருப்பது சுடும்போது அடிக்கிறது. கடையில் தூக்கிப் பார்க்கிறோமே தவிரச் சுட்டுப் பார்ப்பதில்லை என்பதால்தான் இந்த ஏமாற்றம் நடக்கிறது.

ஒலிம்பிக் களிமண் தட்டுச் சுடும் போட்டிகளில் பெண்களும் ஆண்களைப் போலவே பன்னிரண்டு போர் துப்பாக்கியைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2018 முதல் பெண்களும் ஆண்களைப் போலவே 125 தட்டுகளைச் சுட வேண்டும். அவர்களுள் சிற்றுடல் கொண்டவர்களும் உண்டு. போட்டி விதிப்படித் தோட்டாவில் ரவை 24 கிராம் அளவில்தான் இருக்கும், துப்பாக்கியோ மூன்றரைக் கிலோ அளவில் கனக்கும், அதன் கட்டை சுடுபவரின் உடலுக்கென்று செதுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் ஒரே நாளில் எத்தனையோ முறை சுட்டும் அவர்கள் தோள் தாங்குகிறது.

மேற்சொன்னவற்றுள் முக்கியமானது கட்டையின் நீளம். விரலால் இழுத்துச் சுடும் விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள தூரம் பெரும்பாலான துப்பாக்கிகளில் பதினான்கு அங்குலத்தை ஒட்டியிருக்கும். நடுத்தர உயரமுள்ள ஆண் ஒருவரை மனத்தில் வைத்துச் செய்த அளவு அது. என்னைப் போன்றவர்களுக்குப் பன்னிரண்டு முதல் பதின்மூன்று அங்குலம் வரை போதும். நீளம் மிஞ்சினால் கட்டை தோள்குழியை விட்டு நழுவும். விசையை எட்டுவதற்காக உடல் பின்னால் சாயும். கால்களின் பிடிமானம் போய்விடும். கன்னம் கட்டையில் அழுந்தாமல் எழும்பி நிற்பதால் உதை வரும்போது கட்டை வந்து கன்னத்தில் அறையும். எனக்கு நேர்ந்தவை எல்லாம் இவைதாம். கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து விரல் விசையை எட்டுகிறதா என்று பார்க்கும் பழைய முறை ஒரு தோராயம் மட்டுமே. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, கண்களை மூடித் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் வைத்த பிறகு கண்களைத் திறக்க வேண்டும். பார்வை குழலின் மேல்விளிம்பில் நேராக ஓடினால், மூக்குக்கும் விசைப் பக்கம் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலுக்கும் இடையில் இரண்டு மூன்று விரற்கடை இருந்தால், நீளமும் உயரமும் பொருந்தியிருக்கின்றன என்று கொள்ளலாம். பெரும்பாலான ஷாட்கன்களில் பின்குறி (குழலின் பின்பக்கம் குறி பார்க்க வைக்கும் அமைப்பு) கிடையாது, கண்தான் பின்குறி. பெண்களுக்கு மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டையின் கீழ்முனை மார்பில் குத்துகிறதா என்பதுதான் அது. குத்தினால் அந்த முனையைச் சற்றே சாய்த்துச் சீவச் சொல்ல வேண்டும். இதை எந்த ஆணும் எனக்குச் சொல்லவில்லை.

நாங்கள் புதிய துப்பாக்கி வாங்கவில்லை. உரிமம் பெற்ற ஆயுத வணிகர் ஒருவரிடம் கொடுத்து, கட்டையை ஒன்றேகால் அங்குலம் வெட்டி, பின்முனையில் மெத்தென்ற ரப்பர் பட்டை பொருத்தினோம். என் கணவர் சுடும்போது மேலே ஒரு ரப்பர் உறையை மாட்டி நீளத்தைக் கூட்டிக்கொள்கிறார். நீளமான கட்டையைக் குட்டையானவர் சமாளிக்க முடியாது. குட்டையான கட்டையை நெட்டையானவர் சமாளித்துவிடலாம் என்பதை அவர் இப்போது எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார், தாமே கண்டுபிடித்ததைப் போல. 36 கிராம் ரவைத் தோட்டாவை விட்டு 28 கிராம் ரவைத் தோட்டாவுக்கு மாறினேன். அதன் பிறகு தோள் கன்றியதில்லை.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் குடியிருக்கும் என் தங்கை மகளும் என்னைப் போலவே குள்ளம். அங்கே வீட்டுப் பாதுகாப்புக்கு ஷாட்கன் வைத்திருப்பது சட்டப்படி இயல்பான ஒன்று. சென்ற ஆண்டு அவள் தொலைபேசியில் அழைத்து, "பெரியம்மா, சின்ன உடம்புக்குச் சின்னத் துப்பாக்கிதானே சரி?" என்று இதே கேள்வியைக் கேட்டாள். கைப்பிடி மட்டும் உள்ள, தோள்கட்டையே இல்லாத வகை ஒன்றை அவள் பார்த்து வைத்திருந்தாள். அதை வேண்டாம் என்றேன். உதை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும், கன்னத்துக்கு ஊன்றும் இடமும் இருக்காது. முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றும் பம்ப் வகையில், ரெமிங்டன் 870, மாஸ்பர்க் 500 ஆகியவற்றின் வழக்கமான கட்டைகள் அவளுக்கு நீளம். மாஸ்பர்க்கின் பேண்டம் வகையில் கட்டையும் குட்டை, முன்பிடியும் உடலை நோக்கித் தள்ளி அமைந்திருக்கிறது. இந்த முன்பிடியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கை எட்டாதவர் அதை முழுத் தூரம் இழுக்காமல் பாதியில் தள்ளிவிட்டால் தோட்டா சிக்கிக்கொள்ளும், அதுவும் பதற்றத்தில்தான் நடக்கும். வெடிவாயுவைக் கொண்டு தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகையில் அந்தத் தொல்லை இல்லை. உதையும் சற்று நீண்ட நேரத்துக்குப் பரவுவதால் மென்மையாகத் தெரியும். விலைதான் கூடுதல். குழலை விருப்பம்போலக் குறைப்பதற்கு அங்கேயும் வழியில்லை. 1934ஆம் ஆண்டுச் சட்டப்படிப் பதினெட்டு அங்குலத்துக்குக் குறைந்த குழலைப் பதிவில்லாமல் வைத்திருப்பது குற்றம்.

அவள் முடிவில் மூன்று கிலோவை ஒட்டிய இருபது போர் துப்பாக்கியை வாங்கினாள். அவள் கணவரிடம் ஏற்கெனவே பன்னிரண்டு போர் இருந்தது. அதைக் கேட்டதும் நான் சொன்ன எச்சரிக்கையை இங்கேயும் எழுதுகிறேன். இருபது போர் தோட்டா தவறிப் பன்னிரண்டு போர் துப்பாக்கிக்குள் போனால், பின்வாயில் நிற்காமல் வழுக்கிச் சென்று குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி காலியாக இருப்பதாக நினைத்து, பின்னால் பன்னிரண்டு போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துச் சிதறும். இந்த ஆபத்துக்காகவே இருபது போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். அப்படியும் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது.

குறி பார்க்கத் தேவையில்லை என்ற கூற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ரவை பரவுவது ஏறத்தாழ ஒரு கெஜத்துக்கு ஓர் அங்குலம். ஐந்து மீட்டர் நீளமுள்ள ஓர் அறையில் அது கையகலத்தைத் தாண்டாது. குறி தவறினால் முழுமையாகத் தவறும், தவறிய பெரிய ரவை மரக்கதவையும் பலகைத் தடுப்பையும் துளைத்துக்கொண்டு அடுத்த அறையில் உறங்கும் பிள்ளைகள் வரை போகும். மூடிய அறைக்குள் வெடிக்கும் ஓசை 140 டெசிபலுக்கு மேல். தாதியாக இருந்தவள் என்ற முறையில், காது அதை மறப்பதில்லை என்று சொல்ல முடியும்.

தற்காப்பு உரிமையை நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் விளக்குகின்றன. தேவைக்கு மேற்பட்ட தீங்கு விளைவிக்கக் கூடாது என்றும், அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருக்கும்போது அந்த உரிமை இல்லை என்றும் 99ஆவது பிரிவு கூறுகிறது. என் சொந்த வீட்டைப் பொறுத்தவரை, இரும்புக் கதவும் நல்ல பூட்டும் அண்டை வீட்டாரின் தொலைபேசி எண்ணும்தான் எங்கள் காவல். துப்பாக்கி தோட்டத்துக்கானது; தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு சாவியில் இருக்கின்றன.

தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களில் மனைவியோ மகளோ அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிக்க இருந்தால், கட்டையின் நீளத்தை அவர் உடலில் வைத்து அளந்து பார்த்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எடை குறைந்த துப்பாக்கியே மெலிந்தவர்களுக்கு ஏற்றது என்ற அந்த வரிக்கு அடுத்த ஞாயிறு பதிப்பிலேயே ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
பாலிக் புலாவ், பினாங்கு.