முதலில் பத்து அட்டை எழுது

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இடது கண்ணில் புரை அறுவை செய்துகொண்டேன். திரைப் பக்கமே போகக் கூடாது என்று உட்காரவைத்துவிட்டார்கள். இத்தனை நாள் மங்கியிருந்தது என் தளத்தின் எழுத்துரு அல்ல, என் கண்தான் என்று இப்போது தெரிகிறது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்துவிடு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இத்தனை காலம் நீ குறித்து வைத்த கட்டுரைகள், நேர்காணல்கள், ஒலிப்பதிவுகளுக்கெல்லாம் இரண்டு வரி அறிமுகம் எழுதி ஒரே இடத்தில் தொகுக்கப் போகிறாய். அதற்கான தளத்தை எந்த மென்பொருளில் அமைப்பது, வேர்ட்பிரஸா, கோஸ்டா, ஹ்யூகோவா என்கிறாய். வேறு யாராவது கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். நீ என்பதால் என் கதையையும் கேட்டுத் தொலை.

என் முதல் தொகுப்பை, சர்வர் தொல்லை வேண்டாமென்று ஒரு வாடகைச் சேவையில் வைத்திருந்தேன். தளத்தின் தோற்றம் அத்தனை அழகு, மயங்கிவிட்டேன். ஆறாம் வருடம் அவர்கள் கடையைச் சாத்தியபோது என் தரவு என்று ஒரு கோப்பைக் கொடுத்தார்கள். திறந்தால் ஒவ்வொரு பதிவும் ஒரே பத்தி. ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் அதற்குள் கரைந்து கிடந்தன. பழி அவர்கள்மேல் மட்டும் இல்லை. ஒரு பதிவில் ‘1987இல் வந்தது’ என்று எழுதியவன், அடுத்ததில் ‘எண்பதுகளின் கடைசியில்’ என்றும், இன்னொன்றில் ‘நாம் படித்த காலத்தில்’ என்றும் எழுதியிருக்கிறேன். எந்த இயந்திரம் இதைப் பிரிக்கும்? தொள்ளாயிரம் பதிவையும் நானே உட்கார்ந்து பிரித்தேன்.

அதனால், தளத்தைத் தேடுவதற்கு முன் பத்து அட்டை எழுது. நிஜமான அட்டை, பேனாவால். யார் எழுதியது, எப்போது, எங்கே வந்தது, எதைப் பற்றி, என்ன வடிவம், சுட்டி, உன் குறிப்பு. நாலைந்து அட்டை ஓடிவிடும். பிறகு ஒரு மொழிபெயர்ப்பு வந்து நிற்கும்: இரண்டு பெயர், இரண்டு ஆண்டு. அங்கே நீ திணறுவாய் பார், அதற்கு இடம் கொடுக்கும் தளம்தான் உனக்கான தளம். ஒரு பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல் இடம், காலம் என்று முகம் முகமாகப் பிரிக்கலாம் என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933இலேயே, நூல்களை வகைப்படுத்தும் தன் கோலன் பகுப்பு முறையில் காட்டிவிட்டார். நாம்தான் இன்னும் எல்லாவற்றையும் ‘பொது’ என்ற பிரிவில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கோஸ்டில் எழுதுவது சுகம். மின்னஞ்சல் மடல் அனுப்ப அதுபோல வராது. ஆனால் வகைப்படுத்தக் குறிச்சொல் ஒன்றுதான், ஆண்டுக்கென்று தனிக் கட்டம் இல்லை. ஹ்யூகோவில் ஒவ்வொரு பதிவும் ஒரு எளிய உரைக் கோப்பு, தலைப்பகுதியில் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் வைக்கலாம், தரவுத்தளமே கிடையாது, மொத்தத் தொகுப்பும் ஒரு பென்டிரைவில் அடங்கும். எனக்கென்றால் கண்ணை மூடிக்கொண்டு அதுதான். (ஒரு கண்ணை ஏற்கெனவே மூடிப் பார்த்தாயிற்று.) ஆனால் உன் தங்கையும் கைப்பேசியிலிருந்து எழுதுவாள் என்கிறாய்; கோப்புகளோடு மல்லாட வைத்தால் இரண்டாம் நாளே உன்னைத் திட்டுவாள். ஆகவே வேர்ட்பிரஸ், உன் சொந்த டொமைனில் (தளப் பெயரில்), நீயே எடுக்கும் ஹோஸ்டிங்கில் (சர்வர் இடத்தில்). 2010இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே கட்டுரை, நேர்காணல் என்று சொந்தப் பதிவு வகைகளை எளிதாக அமைக்க வழி இருக்கிறது. கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் செருகுநிரல்களை மட்டும் கண்டபடி ஏற்றாதே. புதுப்பிக்காமல் விட்ட ஒன்று போதும், திருடனுக்குக் கொல்லைக் கதவு அதுதான்.

இரண்டு குழிகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வேர்ட்பிரஸில் தமிழில் தலைப்பிட்டால் பதிவின் இணைய முகவரியும் தமிழில் உருவாகும். உள்ளே அது சதவீதக் குறிகளின் சங்கிலி. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஒன்பது இடம், இருப்பதோ 200. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடு என்பதால் 22 குறியீட்டோடு தலைப்பு பாதியில் வெட்டுப்படும். பேசாமல் பதிவின் எண்ணையே முகவரியாக வை. அடுத்தது தேடல். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ அகப்படாது. அதற்காகத்தான் ‘எதைப் பற்றி’ என்ற கட்டத்தை நீயே நிரப்ப வேண்டும் என்கிறேன்.

இன்னொரு கட்டமும் சேர்த்துக்கொள்: இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் உள்ள நகலின் சுட்டி. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் மறைந்துவிட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது. நீ தொகுப்பதோ அதைவிடப் பழையது.

அட்டைகளைப் படமெடுத்து அனுப்பு. அந்த மொழிபெயர்ப்பு அட்டையை அடித்துத் திருத்தியிருந்தால் அப்படியே அனுப்பு, நகல் எடுத்து எழுதாதே. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் நேரமாகிவிட்டது, இவள் குப்பியோடு பக்கத்தில் நிற்கிறாள்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்