மாதேஸ்வரன் மலைக்கு நடப்பவர்களுக்கு ஒரு அம்புக்குறி வேண்டும்

ஆற்றின் இரு கரையிலும் மலை நடைவழிக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கர்நாடகத்தில் கனகபுரா தாண்டி, அர்க்காவதி ஆறு வந்து சேரும் சங்கமத்தில் காவிரியைக் கடந்து, காட்டுக்குள் நடந்து ஹனூர் பக்கம் வெளியேறி, தாளபெட்டாவில் மாதேஸ்வரன் மலை ஏறும் பாதயாத்திரையைப் பற்றி நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. சிவராத்திரி சமயத்தில் ஆற்றில் கயிறு பிடித்து இறங்கும் கூட்டத்தை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறீர்கள். அந்த நாட்களில் யாரும் வழி கேட்க வேண்டாம். முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்து நடந்தால் போதும். கூட்டம் இல்லாத நாட்களில் நடப்பவர்களுக்காகத்தான் இந்த மடல்.

நாங்கள் அல்சூரில் இருக்கிறோம். தாத்தா காலத்தில் மேட்டூர் பக்கம் கொளத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்த குடும்பம். மாதேஸ்வரன் எங்கள் குலதெய்வம். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் மாநில எல்லையில் இருக்கும் பாலாறு வழியாக வருவார்கள். அப்பா பெங்களூரில் வேலை கிடைத்தபோது, இங்கிருந்தே நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். அன்றிலிருந்து இந்தப் பாதைதான் எங்களுக்கு. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் முன்னால் நடப்பார். எந்த மரத்தில் திரும்ப வேண்டும், எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கம்சாளே என்ற வெண்கலத் தாளத்தைத் தட்டிக்கொண்டு மாதேஸ்வரனைப் பாடுகிறவர்களோடு சின்ன வயதில் நடந்து பழகிய வழி என்பார். இரண்டு வருஷம் முன்பு அவர் காலமானார். வழியும் அவரோடு போய்விட்டது.

இந்த வருஷம் அம்மா, சித்தப்பா, அத்தை, என் மகன், நான் என்று ஐந்து பேர். அம்மாவுக்கு அறுபத்தாறு வயது, நெரிசலில் நடக்க முடியாது. அதனால் சிவராத்திரிக்குப் பத்து நாள் முன்னதாகக் கிளம்பினோம். சோதனைச் சாவடியில் பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனோம்.

ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டுமே ஒரே மாதிரி தேய்ந்த தடங்கள். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். சுண்ணாம்பு அடித்து அதன் மேல் எப்போதோ ஏதோ எழுதியிருக்கிறார்கள். வெயிலும் மழையும் தின்றதுபோக ஒரு சிவப்புக் கோடுதான் மிச்சம். அது அம்பின் வாலா, எழுத்தின் காலா என்று சித்தப்பா குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். பத்தடி தள்ளி ஒரு பலகை புத்தம்புதிதாக நின்றது. வனவிலங்கு நடமாட்டம் உண்டு, எச்சரிக்கை என்று அதில் இருந்தது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று இல்லை.

இடது பக்கம் புதுச் சாணி கிடந்தது. மாடு போகிறது என்றால் ஊர் இருக்கும் என்று நினைத்து அந்தப் பக்கம் திரும்பினோம். ஒன்றரை மணி நேரம் நடந்த பிறகு தடம் ஒரு வற்றிய குட்டையில் போய் முடிந்தது. கரை முழுக்க யானைக் கால் தடம். லத்தி இன்னும் ஈரமாக இருந்தது. போனில் சிக்னல் இல்லை, மேப்பில் வெறும் பச்சை. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு பாட்டில் தண்ணீர் மிச்சம். அம்மாவின் குதிகால் வெடிப்பு பிளந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அத்தை தன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார். அம்மா வலிக்கிறது என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ‘மாதப்பா, மாதப்பா’ என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நான் என் மகனின் கையை விடவே இல்லை.

மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர்தான் எங்களைக் கண்டு, அந்தக் கல் வரைக்கும் திரும்பக் கூட்டிவந்து விட்டார். பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. “இந்த வருஷம் நீங்க நாலாவது கூட்டம்” என்று கன்னடத்தில் சொன்னார். வீடு வந்து இத்தனை நாள் ஆகியும் அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. எங்களுக்கு முன்னால் மூன்று கூட்டம் அதே இடத்தில் தடுமாறியிருக்கிறது. அந்தக் கல்லுக்கு ஒரு கை பெயிண்ட் அடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வருஷத்துக்கு இப்போதே திட்டம் போடலாம் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். எங்கே பிரிகிறது, எங்கே தங்கலாம், எத்தனை மணிக்குள் காட்டைத் தாண்ட வேண்டும் என்று மூன்றே கேள்வி. இக்கரையில் கேட்டால் காடு அக்கரை மாவட்டத்தில் இருக்கிறது என்றார்கள். அக்கரையில் கேட்டால் யாத்திரை எங்கள் வேலை இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில், “எல்லாரும் போற வழியிலேயே போங்கம்மா” என்று போனை வைத்துவிட்டார்கள். ஐயா, அந்த வழி எது என்றுதானே கேட்டேன்?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு அம்புக்குறி.

என்னோடு வேலை செய்யும் தோழி ஸ்பெயினில் கிறிஸ்தவர்கள் நடந்து போகும் சந்தியாகோ யாத்திரை போய்வந்தார். பல நூறு கிலோமீட்டர், மொழி தெரியாது, தனியாக நடந்திருக்கிறார். கல்லில், சுவரில், மரத்தில் எல்லாம் மஞ்சள் அம்பு இருக்குமாம். எலியாஸ் வாலின்யா என்ற கிராமத்துப் பாதிரியார் 1984இல் சாலை வேலையில் மிஞ்சிய மஞ்சள் பெயிண்டை வாங்கித் தன் கையால் போட ஆரம்பித்த அம்புகள் அவை. அவ்வளவு தூரம் போவானேன், பழனிக்கு நடப்பவர்களுக்குச் சாலையோரத்தில் தனி நடைபாதையே இருக்கிறது. எங்களுக்கு நடைபாதை வேண்டாம். அது காடு, காடாகவே இருக்கட்டும்.

அம்பு போட்டால் ஆட்கள் அதிகமாக வருவார்கள், விலங்குகளுக்குத் தொல்லை என்று நீங்கள் யோசிக்கலாம். அது நியாயமான கவலை. 1987இலிருந்து அது காவிரி வனவிலங்குச் சரணாலயம். அங்கே நாங்கள்தான் விருந்தாளிகள். ஆனால் வழி தெரிந்தவர்கள் ஒரே தடத்தில் போய்விடுவார்கள். வழி தெரியாதவர்கள்தான் யானை தண்ணீர் குடிக்கும் குட்டை வரைக்கும் போய் நிற்கிறார்கள். அன்றைக்கு நாங்கள் நின்றோம்.

மலையில் 108 அடி உயரத்துக்கு மாதேஸ்வரர் சிலை 2023இல் திறந்தார்கள். அம்மா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். எங்களுக்கும் பெருமைதான். காரில் வருகிறவர்களுக்கு நல்ல சாலை, வளைவுக்கு வளைவு பலகை. நடந்து வருகிறவர்கள்தானே இந்த மலையின் பழைய பக்தர்கள்? காலில் செருப்பில்லாமல் வருகிறவருக்கு ஒரு கல்லில்கூட இடமில்லையா? இதைக் கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். ஆனால் அந்தக் குட்டைக் கரையில் நின்றபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

எந்த மொழியில் எழுதுவது என்ற பேச்சே வேண்டாம். கன்னடத்தில் ஊர்ப் பெயர், பக்கத்தில் அம்பு, எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு எண். எங்கள் ஊர்க்காரர்களுக்கும் அது புரியும். ஆள் இல்லை என்றால் நாங்கள் வருகிறோம். சித்தப்பா முப்பது வருஷம் பெயிண்டராக இருந்தவர். உங்கள் ஊழியர் ஒருவர் கூட வந்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போதும், பெயிண்டும் பிரஷும் எங்கள் செலவு. அனுமதி மட்டும் தயவுசெய்து கொடுங்கள்.

அடுத்த சிவராத்திரிக்குள், பாதை பிரியும் இடத்திலெல்லாம் ஒரு அம்புக்குறி போட்டுத் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முதலில் அந்தச் சிவப்புக் கோடு போட்ட கல்லில். அம்மாவின் குதிகால் ஆறிவிட்டது. அடுத்த வருஷமும் நடப்பேன் என்கிறார். உங்கள் பதில் வந்ததும் கிளம்பும் நாளைக் குறித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாதப்பன் மலைக்கு நடக்கும் குடும்பத்தில் ஒருத்தி,
அல்சூர், பெங்களூர்