முடிவை மட்டும் அனுப்பாதீங்க, அது எப்படி தெரியும்னும் சேத்து அனுப்புங்க

எல்லா நாட்டுக் கடற்படைகளோட தலைமையகத்துலயும் ஆபரேஷன்ஸ் ரூம்லயும் உக்காந்து கப்பல்களுக்கு மெசேஜ் அனுப்பற அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் சரக்குக் கப்பல்ல வேலை பாக்கறவன். யுத்தம் உங்களோடது, ஆனா கரையில இருந்து நீங்க அனுப்பற ஒரு வரி தப்பா போச்சுன்னா சாகறதுல எங்க ஆளுங்களும் இருக்காங்க. உங்ககிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். கடல்ல இருக்கறவனுக்கு முடிவை மட்டும் சொல்லாதீங்க. அதுக்கு எப்படி வந்தீங்க, எவ்வளவு உறுதி, எவ்வளவு ஊகம்னும் சேத்து சொல்லுங்க.

ரெண்டாம் உலகப்போர்ல போன பிக்யூ 17 கான்வாய் (காவலோட கூட்டமா போற சரக்குக் கப்பலுங்க) பத்தி நீங்க எல்லாரும் படிச்சிருப்பீங்க. இருந்தாலும் எங்க பக்கத்துல இருந்து ஒரு தடவை பாருங்க. 1942 ஜூன் 27, டாங்கி, விமானம், லாரின்னு ஏத்திக்கிட்டு 35 சரக்குக் கப்பல் ஐஸ்லாந்துல இருந்து சோவியத் துறைமுகங்களுக்குக் கிளம்புச்சு. ஜெர்மனியோட பெரிய போர்க்கப்பல் டிர்பிட்ஸ் நார்வேல நிக்குது, அது வெளிய வந்துட்டா கூட வர்ற காவல் கப்பலுங்க தாங்காது, அதுதான் எல்லாருக்கும் பயம். ஜூலை 4 சாயங்காலம் லண்டன்ல பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டில, உளவுப் பிரிவுல இருந்த நார்மன் டென்னிங், டிர்பிட்ஸ் இன்னும் கிளம்பலைன்னு நெனச்சாரு, அதுக்கு அவர்கிட்ட காரணமும் இருந்துச்சு. கிளம்பியிருந்தா அந்தப் பக்கம் சுத்தற ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு நம்ம பெரிய கப்பல் வருது ஜாக்கிரதைன்னு எச்சரிக்கை போயிருக்கணும், ஒட்டுக்கேட்டதுல அப்படி எதுவும் சிக்கல. ஆனா கடற்படைத் தலைவர் அட்மிரல் டட்லி பவுண்ட் கேட்டது, கிளம்பலைன்னு உறுதி தர முடியுமான்னு. உளவு வேலைல இருக்கற யாரு அந்த உறுதியைத் தர முடியும்? ஏன் அப்படி நெனக்கறீங்கன்னு கேட்டிருந்தா அந்தக் காரணம் முழுசா வெளிய வந்திருக்கும்.

அப்புறம் ராத்திரி 9:11ல இருந்து 9:36க்குள்ள மூணு மெசேஜ். க்ரூஸர்கள் வேகமா மேற்க போகணும், கான்வாய் பிரியணும், கடைசியா கான்வாய் சிதறணும். காரணம்னு சொன்னது மேற்பரப்புக் கப்பல்களோட ஆபத்துன்னு மட்டும்தான். இது ஊகம்தான், டிர்பிட்ஸை இன்னும் யாரும் பாக்கலைன்னு ஒரு வார்த்தை இல்ல. கடல்ல இருந்தவங்க என்ன நெனப்பாங்க? இன்னும் கொஞ்ச நேரத்துல டிர்பிட்ஸ் அடிவானத்துல தெரியப்போகுதுன்னு நெனச்சாங்க, காவலுக்கு இருந்த டெஸ்ட்ராயர்கள் சண்டை போடப்போறோம்னு நம்பி க்ரூஸர்களோட போயிடுச்சு, சரக்குக் கப்பலுங்க தனித்தனியா மாட்டுச்சு. 24 கப்பல் மூழ்குச்சு, 153 வணிக மாலுமிகள் செத்தாங்க. டிர்பிட்ஸ் மறுநாள்தான் வெளிய வந்துச்சு, கான்வாய் மேல ஒரு குண்டு கூட போடாம அன்னிக்கே திரும்பிப் போச்சு.

இது ஒரு தடவை நடந்த கதை இல்ல. 1916 மே 31, பிரிட்டிஷ், ஜெர்மன் கப்பற்படைங்க மோதுன ஜட்லாண்ட் சண்டை அன்னிக்கு அட்மிரால்டி ஆபரேஷன்ஸ் அதிகாரி, சங்கேதத்தை உடைக்கற ரூம் 40க்கு வந்து, டிகேங்கற கால் சைன் (ரேடியோல அடையாளத்துக்கு வெச்சுக்கற பேர்) எங்க இருக்குன்னு கேட்டாரு. வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன்ல இருக்குன்னாங்க, அவர் போயிட்டாரு. ஜெர்மன் தளபதி ஷேர் கடலுக்குப் போகும்போது டிகேயை துறைமுகத்துல விட்டுட்டு வேற கால் சைன் எடுத்துக்குவாருன்னு அந்த ரூம்ல இருந்தவங்களுக்குத் தெரியும், எதுக்கு கேக்கறீங்கன்னு பேசிக்கிட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. ஜெர்மன் கொடிக்கப்பல் (தளபதி இருக்கற கப்பல்) இன்னும் துறைமுகத்துலதான்னு பிரிட்டிஷ் கப்பற்படைத் தளபதி ஜெல்லிக்கோவுக்குத் தந்தி போச்சு, சில மணி நேரத்துல அதே கப்பற்படை அவர் எதிர்ல நின்னுச்சு. அன்னிக்கு ராத்திரி ஷேர் எந்த திசைல ஓடறாருன்னு சரியான தகவல் வந்தப்போ ஜெல்லிக்கோ நம்பல. அவரை எப்படி குத்தம் சொல்றது?

1944 அக்டோபர், பிலிப்பைன்ஸ் பக்கம் லெய்ட்டே வளைகுடால இன்னொரு மாதிரி. அமெரிக்க அட்மிரல் ஹால்ஸி அனுப்புன மெசேஜ்ல டாஸ்க் ஃபோர்ஸ் 34ங்கற போர்க்கப்பல் அணி அமைக்கப்படும்னு இருந்துச்சு. நான் சொன்னாதான் அமையும்னு அவர் பின்னாடி குடுத்த விளக்கம் கிட்டத்துல மட்டும் கேக்கற குரல் ரேடியோல போச்சு, பக்கத்துல இன்னொரு அமெரிக்கக் கப்பற்படைக்குத் தலைவரா இருந்த கின்கெய்டுக்கு வரவே இல்ல. சான் பெர்னார்டினோ ஜலசந்தியை யாரோ காவல் காக்கறாங்கன்னு அவர் நம்பிக்கிட்டிருக்க, ஜப்பான் அட்மிரல் குரிட்டாவோட போர்க்கப்பலுங்க அந்த வழியா வந்து அவரோட எஸ்கார்ட் கேரியர்கள்ங்கற சின்ன விமானந்தாங்கிக் கப்பலுங்க மேல விழுந்துச்சு.

சோர்ஸை, அதாவது தகவல் வந்த வழியை, வெளிய விட்டா எதிரி சங்கேதத்தை மாத்திடுவான்னு நீங்க சொல்வீங்க. நியாயமான பயம், அதை நான் லேசா எடுத்துக்கல. ஆனா மெடிட்டரேனியன்ல பிரிட்டிஷ்காரங்க சங்கேதம் உடைச்சு கண்டுபிடிச்ச கப்பல் மேல முதல்ல ஒரு வேவு விமானத்தை எதிரி கண்ணுல படற மாதிரி பறக்கவிட்டு, அப்புறம்தான் அடிச்சாங்க. சோர்ஸும் பத்திரம், வேலையும் நடந்துச்சு. 1945 ஜூலைல யூஎஸ்எஸ் இண்டியானாபொலிஸ்ங்கற அமெரிக்கப் போர்க்கப்பலோட கேப்டன்கிட்ட அவர் போற வழியில ஐ-58 மாதிரி ஜப்பான் நீர்மூழ்கிகள் இருக்குன்னு ரகசியம் காக்கறதுக்காக சொல்லாம விட்டாங்க, ஐ-58 அந்தக் கப்பலை மூழ்கடிச்சுச்சு, கிட்டத்தட்ட 1,200 பேர்ல 316 பேர்தான் உயிரோட வந்தாங்க. எப்படி தெரியும்னு சொல்லவேண்டாம் சார், எவ்வளவு உறுதின்னாவது சொல்லலாமே.

இப்போ நிலைமை இன்னும் மோசம். 2021 ஜூன்ல பிரிட்டனோட டிஃபெண்டர், நெதர்லாந்தோட எவர்ட்சன்னு ரெண்டு போர்க்கப்பலும் உக்ரைனோட ஒடெசா துறைமுகத்துல கட்டிக்கெடக்கும்போதே ரஷ்யக் கடற்படை இருக்கற செவஸ்டபோல் பக்கம் போற மாதிரி ஏஐஎஸ்ல (கப்பல் தன் பேரையும் இருக்கற இடத்தையும் தானா ரேடியோல அறிவிக்கற கருவி) காட்டுச்சு, துறைமுக வெப்கேம்ல கப்பல் நிக்கறது தெரிஞ்சதாலதான் அது பொய்னு ஊருக்கே தெரிஞ்சுச்சு. ஏஐஎஸ் சிக்னல்ல அனுப்பறவன் யாருன்னு சரிபாக்க எந்த ஏற்பாடும் இல்ல, எங்க கப்பலை ஓட்டற பிரிட்ஜ் அறையிலயும் ஓடறது அதேதான். உங்க ஸ்கிரீன்ல இருக்கற ஒரு புள்ளி ரேடார்ல வந்ததா, ஏஐஎஸ்ல வந்ததா, வேற கப்பல் டேட்டா லிங்க்ல அனுப்புனதா, யாரோ ஊகிச்சு போட்டதான்னு முடிவெடுக்கறவருக்கு அந்த நிமிஷத்துல தெரியணும்.

எவ்வளவு நம்பலாம்னு சோர்ஸுக்கு ஏ முதல் எஃப், தகவலுக்கு 1 முதல் 6ன்னு தரம் போடற முறை உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. அந்தத் தரம் கடைசிக் கப்பல் வரைக்கும் மெசேஜ்ல ஒட்டிக்கிட்டே போகட்டும், நடுவுல யாரும் சுருக்கறேன்னு வெட்டவேண்டாம். அந்தத் தகவலை ஆராய்ஞ்சவர், ஜூனியரா இருந்தாலும், முடிவெடுக்கற ரூம்ல இருக்கட்டும். கணிப்பு மாறுச்சுன்னா திருத்தம் உடனே போகட்டும். சிதறச் சொன்ன ராத்திரியே டென்னிங்கோட கருத்து மறுபடி பவுண்ட்கிட்ட போச்சு, முடிவு எடுத்தாச்சுன்னு அவர் மாத்தல. கான்வாயைச் சிதறச் சொல்ற அளவுக்கு ஆர்டர் போச்சுன்னா, அதுல ஊகம் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கற உரிமை அந்தக் கப்பல்ல இருக்கற எங்களுக்கும் இருக்கு.

இப்படிக்கு,
சரக்குக் கப்பல் அதிகாரி ஒருத்தர்