நமது வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கி வந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டு நிர்வாகக் குழு ஒழுங்காகக் கூடியது. தைப்பொங்கல் ஒன்றுகூடல் வழமைபோல் நடந்தது. கோடை ஒன்றுகூடலை மழை காரணமாக மண்டபத்துக்குள் மாற்றினோம். பிள்ளைகளின் தமிழ் வாசிப்புப் போட்டிக்கு நல்ல வரவேற்பு இருந்தது. அன்பளிப்பாக வந்த புத்தகங்கள் பதியப்பட்டு அலுமாரியில் உள்ளன. இரவல் எடுத்தவர்கள் தயவுசெய்து திருப்பித் தர வேண்டும்.

இனி இந்த ஆண்டின் முக்கிய வேலைக்கு வருகிறேன். ஆயிரம் ஆண்டுக்கு முன் கடலோடிகளாகவும் கொள்ளையராகவும் இருந்த வட ஐரோப்பிய வைக்கிங்குகளின் தலைவர்களுடைய வாழ்க்கையில் எது வரலாறு, எது கதை என்று பார்க்கும் மாதாந்தக் கலந்துரையாடலை நான்தான் முன்மொழிந்தேன். முதற்கூட்டத்திலேயே ஒரு மூத்த அங்கத்தவர், "உந்தக் கதையள் எங்களுக்கு என்னத்துக்குத் தம்பி? எங்கட வரலாறே இன்னும் எழுதி முடியேல்லை" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு எழுத்தில் பதில் சொல்வது என் கடமை. நம் பிள்ளைகள் நோர்வேயின் ஒஸ்லோவில் பிறந்து, இங்குள்ள பள்ளிக்கூடத்தில் ஹரால்ட், ஓலாவ் என்ற பழைய நோர்வே மன்னர்களின் கதைகளைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து நம்மிடம் கேட்கிறார்கள். தெரியாது என்று ஒரு முறை சொல்லலாம். எப்போதும் அதையே சொன்னால் பிறகு கேட்க மாட்டார்கள். அதோடு, ஒரு தலைவனின் புகழை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று பழகிக்கொண்டவருக்கு, நம் வரலாற்றை எழுதும்போதும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும். மூன்று கேள்விகளை மட்டும் விடாமல் கேட்டோம்: எழுதியவர் யார், நடந்து எத்தனை காலம் கழித்து எழுதினார், யாருக்காக எழுதினார்.

கதைகளில் புகழ்பெற்ற வைக்கிங் தலைவன் ரக்னார் லோட்புரூக்கில் தொடங்கினோம். 845இல் 120 கப்பல்களோடு செய்ன் ஆற்றில் ஏறி பாரிஸைத் தாக்கிய கூட்டத்துக்கு 7000 இறாத்தல் வெள்ளி கொடுக்கப்பட்டதைப் அன்று அந்தப் பகுதியை ஆண்ட பிராங்கியரின் ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. அதன் தலைவன் பெயரும் ரக்னாரை ஒத்ததுதான். ஆனால் அவன் அதே காலத்தில் நோய் கண்டு செத்துப்போனான். வட இங்கிலாந்தின் நோர்தம்பிரிய நாட்டை ஆண்ட 'எல்லா' என்ற மன்னன் ரக்னாரைப் பாம்புக் குழியில் தள்ளிய கதையைச் சமகாலக் குறிப்பு எதுவும் சொல்லவில்லை. 865இல் இங்கிலாந்தில் வைக்கிங்குகளின் பெரும்படை இறங்கியதும், 867இல் யோர்க்கில் மன்னன் எல்லா கொல்லப்பட்டதும் உண்மை. லோட்புரூக் என்ற பெயரோ இரண்டு நூற்றாண்டு கழித்துத்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. முழுக்கதையும் டென்மார்க்கில் 1200 அளவிலும் ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டிலும் எழுதப்பட்டது. வெவ்வேறு ஆட்களின் செயல்கள் ஒரே பெயரில் சேர்ந்துவிட்டன என்பதே என் கருத்து.

நோர்வேயை ஒன்றாக்கிய முதல் மன்னன் என்று சொல்லப்படும் ஹரால்ட் ஹோர்ஃபாக்ரே பற்றிய கூட்டத்துக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. வர முடியாமல் போனவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீடா என்ற பெண்ணுக்காக, நோர்வே முழுவதும் கைக்கு வரும்வரை தலைமுடி வெட்டுவதில்லை, வாருவதில்லை என்று சபதம் செய்தான் என்பதை ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி ஸ்துர்லுசன் 1230 அளவில், ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு கழித்து எழுதினார். ஸ்தவாங்கருக்குப் பக்கத்தில் ஹாஃபர்ஸ்ஃபியோர்ட் கடற்போர் நடந்ததற்குப் பழைய பாட்டொன்றின் சாட்சி இருக்கிறது. போர் நடந்ததாகச் சொல்லப்படும் 872 என்ற ஆண்டுக்கு அப்படி ஒரு சாட்சியும் இல்லை. 1872இல் ஆயிரமாண்டு விழா எடுத்து ஹவுகசுண்டில் நினைவுத்தூண் நாட்டியபோது அந்த ஆண்டு மக்கள் மனதில் நிலைத்துவிட்டது. ஹரால்ட் ஆண்டது மேற்குக் கரையைத்தான், நாடு முழுவதையும் அல்ல என்றே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஸ்னோரியைப் பொய்யர் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மன்னர்களின் முன்னால் பாடப்பட்ட பாட்டுகளையே அதிகம் நம்புவதாகவும், செய்யாத செயலை ஒருவன் முகத்துக்கு நேரே பாடினால் அது புகழ்ச்சியல்ல, கேலி என்றும் அவர் தன் முன்னுரையில் எழுதியிருக்கிறார். எட்டு நூற்றாண்டுக்கு முன் ஒருவர் தன் ஆதாரத்தை இப்படி எடைபோட்டிருப்பது எனக்குப் பெரிய மரியாதையைத் தருகிறது.

ஆனால் பாட்டும் தவறும். நோர்வே மன்னன் ஓலாவ் ஹரால்ட்சன் 1030 யூலை 29இல் ஸ்திக்லஸ்தாட் போரில் விழுந்தபோது சூரியன் இருண்டது என்று சாகா எனப்படும் பழைய வரலாற்றுக் கதைநூல் சொல்கிறது. அந்த ஆண்டில் அங்கே சூரிய கிரகணம் வந்தது உண்மை. வானியல் கணக்கின்படி அது ஓகஸ்ட் 31இல், போர் முடிந்து ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து வந்தது. சூரியன் ஒளி மங்கியதைப் பாடிய சிக்வாத் என்ற கவிஞர் போர்க்களத்திலேயே இல்லை, ரோமுக்கு யாத்திரை போயிருந்தார். மன்னனைப் புனிதராக்கிக்கொண்டிருந்த மக்கள், யேசுவின் மரணத்தின்போது இருள் சூழ்ந்ததை நினைத்து, இரண்டு நாட்களையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இதைக் கேட்டுவிட்டு ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை, "அப்போ கதையும் ஒரு சாட்சிதானே, நடந்ததுக்கு இல்லை, நம்பினதுக்கு" என்றாள். அந்தக் கூட்டத்தில் இதற்குமேல் நான் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

இன்னொரு ஹரால்ட், 11ஆம் நூற்றாண்டு நோர்வே மன்னர் ஹரால்ட் ஹார்ட்ரோடே, நமக்கு இன்னும் பக்கத்து ஆள். 1048 அளவில் ஒஸ்லோவை அவர்தான் உண்டாக்கினார் என்ற சாகா கணக்கை வைத்து நகரம் 1950இல் 900 ஆண்டு விழா எடுத்தது. பிறகு புனித கிளெமென்ஸ் தேவாலயத்தின் அடியில் அதைவிடப் பழைய கிறிஸ்தவக் கல்லறைகள் கிடைத்தன. அதனால் 2000இலேயே 1000 ஆண்டு விழா எடுத்தார்கள். ஐம்பது ஆண்டில் நகரத்துக்கு நூறு வயது கூடியது. ஒஸ்லோவின் பழைய நகரப் பகுதியான கம்லபியனில் அந்தத் தேவாலய இடிபாட்டைப் பார்க்க ஒரு சனிக்கிழமை போனோம். முழங்கால் உயரக் கற்சுவர்தான் மிஞ்சியிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடினார்கள், பெரியவர்கள் தேவாலயத்தின் அளவைக் காலடியால் அளந்து பார்த்தார்கள். ஹரால்ட் கொன்ஸ்தாந்திநோப்பிளில் (இன்றைய இஸ்தான்புல்) பேரரசரிடம் சேவை செய்ததும், பதவிப் பட்டம் பெற்றதும், கடைசியில் இரகசியமாகத் தப்பியதும் 1070களில் எழுதப்பட்ட ஒரு கிரேக்க நூலில் இருக்கின்றன. ஆகவே அது சரி. சிசிலியில் குருவிகளின் உடலில் நெருப்பைக் கட்டி விட்டு ஒரு நகரத்தை எரித்தார் என்பதை நம்ப முடியவில்லை. அதே தந்திரத்தைக் கீவ் நாட்டு ஓல்கா அரசியும் செய்ததாக அங்குள்ள பழைய வரலாற்று நூல் சொல்கிறது.

கதை வென்ற இடமும் உண்டு. வைக்கிங் கடலோடி லெய்ஃப் எரிக்சன் வின்லாந்துக்கு, அதாவது வட அமெரிக்கக் கரைக்கு, போன பயணத்தைப் பலர் கட்டுக்கதை என்றார்கள். 1960இல் நோர்வேயைச் சேர்ந்த ஹெல்க இங்ஸ்தாட், அன்ன ஸ்தீன இங்ஸ்தாட் தம்பதியர் நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங் குடியிருப்பைக் கண்டுபிடித்தார்கள். அங்கே மரம் வெட்டப்பட்ட ஆண்டு 1021 என்று 2021இல் உறுதியானது. லெய்ஃப் அந்த வீட்டில்தான் படுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வைக்கிங்குகள் கடல் தாண்டிப் போனார்கள்.

பிக்டொய் கப்பல் அருங்காட்சியகம் 2022 முதல் புனரமைப்புக்காக மூடியிருந்ததால் நகரமத்தியிலுள்ள வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். 1943இல் ரிங்கரீக்கவில் கிடைத்த யெர்முண்ட்பூ தலைக்கவசம் அங்கே இருக்கிறது. துண்டுகளை ஒட்டிச் சேர்த்த கறுத்த இரும்பு, கண்ணைச் சுற்றிக் கண்ணாடிச் சட்டம்போல ஒரு தகடு. கொம்பு இல்லை. வைக்கிங்கின் தலையில் கொம்பு பிரபலமானது 1876இல் ஒரு ஜேர்மன் ஓப்பராவின் மேடை உடையால். பிளாஸ்டிக் கொம்புத் தொப்பியோடு வந்த ஒரு பையன் அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியை விட்டு நகர மறுத்தான்.

இவ்வளவு நடந்தும், பெயர்ப்பட்டியலில் உள்ளவர்களில் கால்வாசிப் பேர்கூட ஒழுங்காக வரவில்லை. வருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் சொன்னவர்களுக்காகக் கதிரை போட்டு, தேத்தண்ணி வைத்துக் காத்திருந்தோம். இரவு வேலை, பிள்ளைகளின் உதைபந்தாட்டப் பயிற்சி எல்லாம் எனக்கும் தெரியும். வர முடியாவிட்டால் ஒரு சொல் முன்கூட்டியே சொல்லுங்கள். வேறு ஊரிலிருந்து ரயிலில் வந்து பேசியவரின் முன்னால் வெறும் கதிரைகள் இருந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் தருவார். பொதுவாக வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாக இருந்தன, கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. கலந்துரையாடல் தொடரால்தான் குறைந்தது என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. அது சரியல்ல. நூலக அறை இலவசம், செலவு பிரதி எடுத்ததற்கும் தேநீருக்கும் மட்டுமே. குறைவுக்குக் காரணம் கட்டப்படாத சந்தா. சிலர் இரண்டு ஆண்டுச் சந்தாவைக் கட்டாமல் வைத்திருக்கிறார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை. மண்டப வாடகை கூடிக்கொண்டே போகிறது, ஒழுங்காகக் கட்டுபவர்களே எல்லாவற்றையும் சுமப்பது நியாயமில்லை.

மண்டபம் துப்புரவாக்க வந்தவர்களுக்கும், சமையல் பொறுப்பெடுத்த அக்காமாருக்கும், படங்களைத் திரையில் காட்ட உதவிய இளைஞர்களுக்கும், நூலக ஊழியர்களுக்கும், நிர்வாகக் குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். 2030இல் ஸ்திக்லஸ்தாட் போரின் 1000 ஆண்டை இந்த நாடு நினைவுகூரப்போகிறது. அதற்குள் ஓலாவைப் பற்றித் தமிழில் சிறு தொகுப்பொன்றை நாம் கொண்டுவரலாம். இதைச் செயலாளரின் தனிப்பட்ட ஆசையாகப் பார்த்தால் இந்த வேலை என்னோடு நின்றுவிடும். இந்தப் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் கோப்புகள் அனைத்தையும் மனநிறைவோடு ஒப்படைப்பேன், கூட இருந்து உதவியும் செய்வேன். யாரும் வராவிட்டால் தொடரை இன்னும் ஓராண்டு நானே கொண்டுபோகத் தயார், ஆனால் தனியாக முடியாது. ஓலாவ் பகுதிக்கு இருவர், டென்மார்க்கின் யெல்லிங் கற்களை, அதாவது வைக்கிங் காலத்து எழுத்துப் பொறித்த கற்களை, பற்றிப் பேச ஒருவர், பிரதிகளைச் சரிபார்க்க ஒருவர் தேவை. விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரலாம். சந்தாவைப் பொருளாளரிடம் கையிலும் கொடுக்கலாம், விப்ஸ் என்ற கைபேசிச் செயலியிலும் அனுப்பலாம்.

நன்றி.

செயலாளர்