கர்னல் சன் வந்து சேர்ந்தது

அன்புள்ள ராமநாதன்,

நீ பதிவுத் தபாலில் அனுப்பிய ஜேம்ஸ் பாண்ட் நாவல் ‘கர்னல் சன்’ சென்ற வெள்ளிக்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு ஒரு மாதத்துக்குப் பொடி எழுத்து வாசிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதால், மாலை வேளைகளில் பேத்தி உரக்க வாசிக்க, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவர் படைத்த நாயகனை அவர் மறைந்த பிறகு இன்னொருவர் எடுத்து எழுதுவது எச்சில் இலையில் உட்கார்வதற்குச் சமம் என்று உன் கடிதத்தில் கோபப்பட்டிருந்தாய். நாற்பது ஆண்டுகளாக நாம் இருவரும் ஜேம்ஸ் பாண்டைப் படித்து வருகிறோம் என்பதால், இதற்கு விரிவாகவே பதில் எழுதத் தோன்றுகிறது.

பாண்டைப் படைத்த இயான் ஃப்ளெமிங் 1964 ஆகஸ்டில் தமது 56ஆம் வயதில் இறந்து நான்கே ஆண்டுகளில் கிங்ஸ்லி ஏமிஸ் இந்த நாவலை எழுதியபோது, ஃப்ளெமிங்கின் மனைவியே அதை விரும்பவில்லை. ஆகவே உன் கோபத்துக்குப் பழைய துணை உண்டு. பதிப்புரிமை வைத்திருந்தவர்கள் ராபர்ட் மார்க்கம் என்றொரு புனைபெயரை உண்டாக்கி, அதன் பின்னால் பலரையும் எழுத வைக்கலாம் என்று நினைத்தார்கள். அந்தப் பெயரில் வந்தது இந்த ஒரு நாவல்தான்.

உன் கட்சியில் நான் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஃப்ளெமிங்கின் முதல் பாண்ட் நாவல் ‘கசினோ ராயல்’ 1953 ஏப்ரலில் வெளிவந்தபோது பிரிட்டனில் இறைச்சிக்கும் சர்க்கரைக்கும் இன்னும் ரேஷன் இருந்தது; இறைச்சிக் கட்டுப்பாடு நீங்குவதற்கு 1954 ஜூலை ஆகிவிட்டது. அந்த நாவலில் பாண்ட் பிரெஞ்சு உணவகத்தில் உட்கார்ந்து கேவியரும் அவகாடோவும் வரவழைக்கிறார், கேவியருக்குக் குறைவில்லை, தொட்டுக்கொள்ளும் டோஸ்ட்தான் எப்போதும் போதுவதில்லை என்று அலுத்துக்கொள்கிறார். ரேஷன் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்த ஆங்கிலேயனின் நாக்கில் என்ன ஊறியிருக்கும் என்று எண்ணிப் பார். ஃப்ளெமிங்கின் உணவு வர்ணனையில் ஒரு தேசத்தின் பசி இருந்தது. பின்னால் வந்தவர்களால் அதே தட்டை, அதே மதுவை, அதே சிகரெட்டை மேசையில் வைக்க முடிந்தது. அந்தப் பசியை யாராலும் கொண்டுவர முடியவில்லை.

அதனால்தான் பாண்டைத் தங்கள் காலத்துக்கு மாற்றி எழுதியவர்கள் என் மனத்தில் நிற்கவில்லை. ஜான் கார்ட்னர் 1981இல் தொடங்கிப் பதினான்கு நாவல்கள் எழுதினார். ஃப்ளெமிங் எழுதிய நாவல்களே பன்னிரண்டுதான். பதினைந்து ஆண்டுகள் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட அந்த உழைப்புக்கு வணக்கம் சொல்கிறேன், ஆனால் சாப் காரில் ஏறிய அந்த பாண்டை நான் மறுபடி தேடிப் போனதில்லை. 2011இல் ஜெஃப்ரி டீவர் அவரை ஆப்கானிஸ்தான் போரிலிருந்து திரும்பிய இளைஞராகவே மாற்றிவிட்டார். செபாஸ்டியன் ஃபோக்ஸ் நேர்மாறாக, ஃப்ளெமிங்கின் நூற்றாண்டான 2008இல், ஃப்ளெமிங்காகவே நின்று எழுதுவதாக அட்டையிலேயே போட்டுக்கொண்டார். குரல் சரியாக இருந்தது, ஆனால் அது ஃபோக்ஸின் குரலும் இல்லை.

ஆனால் ஏமிஸ் வேறு. ஃப்ளெமிங்கின் கதைகளில் பாண்டின் மேலதிகாரியான, உளவுத்துறைத் தலைவர் எம் என்பவர் பெரும்பாலும் மேசைக்குப் பின்னால் அமர்ந்து உத்தரவிடும் மனிதர், அசைக்க முடியாத கிழவர். ஏமிஸ் அவருடைய வீட்டுக்குள்ளேயே எதிரிகளை நுழைய விடுகிறார். மருந்து ஏற்றப்பட்டு நிற்கும் எம்மைப் பாண்ட் பார்க்கிறார். வீட்டைக் கவனித்துக்கொண்ட தம்பதி கொல்லப்படுகிறார்கள். அந்த இடத்தில் பேத்தி வாசிப்பதை நிறுத்திவிட்டு, “தாத்தா, இவர் பாண்டுக்கு அப்பா மாதிரியா?” என்று கேட்டாள். ஃப்ளெமிங் சொல்லாமலே விட்ட உறவை ஏமிஸ் அவளுக்குப் புரிய வைத்துவிட்டார். இதை எச்சில் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ராமநாதா.

இதைவிட நெருக்கமாக என்னைத் தொட்டது வில்லியம் பாய்ட் 2013இல் எழுதிய ‘சோலோ’. ஃப்ளெமிங்கின் ‘மூன்ரேக்கர்’ நினைவிருக்கிறதா? நாற்பத்தைந்து வயதானால், கொல்லும் உரிமம் பெற்ற உளவாளிகளின் டபுள் ஓ பிரிவிலிருந்து எடுத்து அலுவலக வேலையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பாண்ட் மீதி ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருப்பார். பாய்டின் கதை 1969இல், லண்டன் டார்செஸ்டர் ஓட்டலில், பாண்டின் நாற்பத்தைந்தாவது பிறந்த நாளில்தான் தொடங்குகிறது. கொண்டாட யாரும் இல்லை, தனியாக இருக்கிறார், போர்க்காலம் கனவில் வருகிறது. ஃப்ளெமிங் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை எடுத்து, அந்த நாள் உண்மையிலேயே வந்தால் எப்படி இருக்கும் என்று பாய்ட் யோசித்திருக்கிறார். பிறகு கதை மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் உள்நாட்டுப் போருக்குப் போகிறது. நாட்டின் பெயர் கற்பனை, ஆனால் கானாவிலும் நைஜீரியாவிலும் வளர்ந்த பாய்டுக்கு, நைஜீரியாவிலிருந்து பிரியப் போராடிப் பட்டினியில் வாடிய பியாஃப்ராவின் பசி தெரியும். 1953இன் பசியை அவரால் திரும்பக் கொண்டுவர முடியாது. தாம் அறிந்த பசியைக் கொண்டுவந்தார்.

பிரிட்டனில் ஃப்ளெமிங்கின் பதிப்புரிமை 2034 முடிவு வரை இருக்கிறது. அதன் பிறகு அனுமதி கேட்காமலே அந்நாவல்களின் பாண்டை எழுத வருவார்கள், அப்போது உன் கோபத்துக்கு இன்னும் வேலை இருக்கும். ‘சோலோ’வைத் திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறேன். முதல் அத்தியாயத்தை மட்டுமாவது இரவில் தனியாக உட்கார்ந்து படித்துவிட்டு, எச்சில் என்ற சொல்லை இன்னும் வைத்துக்கொள்கிறாயா என்று எழுது. இங்கே பாண்ட் கிரேக்கத் தீவை நெருங்கிவிட்டார். பேத்தி புத்தகத்தோடு வந்து நிற்கிறாள்.

அன்புடன்,
சிதம்பரம்