மீனாட்சிங்கிற பேரை இப்படி எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் குழந்தைப் பேர் பத்தின கட்டுரைல "மீனாட்சி மாதிரி பாட்டி காலத்துப் பேரை இப்ப யாரும் சீண்டுறதில்ல"ன்னு ஒரு வரி படிச்சேன், மனசு ஆறவே இல்ல. அதுலயும் தலைப்புல மீனாக்ஷி, உள்ள மீனாட்சி, படத்துக்குக் கீழ மீனாச்சி.

வைக்கிறது குறைஞ்சிருக்கு, மறுக்கல. எங்க தெருவுல முன்னெல்லாம் காலைல கோலம் போடுற நேரத்துல மீனாட்சின்னு கூப்பிட்டா நாலு வாசல்ல இருந்து திரும்பிப் பாப்பாங்க, இப்ப பிள்ளைங்க பேரெல்லாம் ஷிகா, ஸ்ரீன்னு முடியுது. ஏன் குறைஞ்சதுன்னு எழுதியிருக்கலாமே சார். மாமியார் பேர மருமக சொல்லக் கூடாதுன்னு, பேத்திக்கு அந்தப் பேர வச்சுட்டு வீட்ல பாப்பா, அம்மாளுன்னே கூப்பிட்டு வளத்தோம், பேரு பள்ளிக்கூட ரெஜிஸ்டரோட நின்னுபோச்சு. அப்புறம் நியூமராலஜி வேற வந்துச்சு.

சித்திரைத் திருவிழால பட்டாபிஷேகம் ஆகி செங்கோல் வாங்குறவ பேரு சார் இது. ஆம்பளைங்களும் மீனாட்சிசுந்தரம்னு வச்சுக்கிட்டாங்க, உ.வே.சா.வுக்குப் பாடம் சொன்ன மகாவித்வான், 1966ல மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தரா வந்த தெ.பொ.மீனாட்சிசுந்தரம் எல்லாம் அந்தப் பேருதான். செட்டிநாட்டுப் பக்கம் மீனாள், மீனான்னு எத்தனை பேரு. உங்களுக்கு இதெல்லாம் தெரியும், தெரிஞ்சும் அந்த வரிய அப்படியே அச்சுல போட்டுட்டீங்களேங்கிறதுதான் வருத்தம்.

இங்கிலீஷ் ஸ்பெல்லிங் பட்ட பாடு தனி. பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ல வாத்தியார் நாம சொல்ற மாதிரியே டி சி ஹெச் போட்டு எழுதினார், ஆதார் எடுத்த பையன் ஒரு வார்த்தை கேக்காம கே எஸ் ஹெச்னு அடிச்சுட்டான். வீட்டுக்காரர் தவறுனப்புறம் பேமிலி பென்சனுக்குப் போனா, ரெண்டும் ஒரே ஆளுதானான்னு கேட்டு ஃபைலத் திருப்பி அனுப்பிட்டாங்க, தாலி கழட்டுன கழுத்தோட ஒன் அண்ட் சேம் சர்டிபிகேட்டுக்கு ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குனேன். 2020ல 1018 ஊர்ப் பேருக்கு இங்கிலீஷ் எழுத்த தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி உத்தரவு போட்டாங்க, சில நாள்லயே வாபஸ் வாங்குனாங்க, இருந்தாலும் ஊருக்காச்சும் யோசிச்சாங்க. எங்க பேருக்கு யாரு யோசிச்சா?

பெருசா ஒண்ணும் கேக்கல. இனிமே அச்சடிக்கும்போது மீனாட்சின்னு ஒரே மாதிரி போடுங்க. கெசட்ல பேர் திருத்தம் போட என்னென்ன பேப்பர் வேணும்னு விசாரிச்சு ஒரு அரைப் பக்கம் போட்டீங்கன்னா, என்னை மாதிரி அலையுறவங்களுக்கு உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
மீனாட்சி,
மதுரை.